கேள்வி கேட்கும்போது சிரிக்காதே

எனக்குக் கண்ணகி வேடம் கற்றுக்கொடுத்தவர் ஓர் ஆண். கிள்ளானில் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பேரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் வாத்தியார் என்றே எழுதுகிறேன். நாடகக்காரர்கள் வழக்கமும் அதுதான். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே மாரியம்மன் திருவிழாவுக்கு இரவு திரை தூக்கினால் மறுநாள் மரம் வெட்டப் போகும் நேரம்வரை நாடகம் நடக்குமாம். மீசை அரும்பாத வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை அந்தத் தோட்டத்துக் 'கோவலன்' நாடகத்துக்கு அவர்தான் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடக்காரர்.

அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் ஆண்தான். தமிழ்நாட்டில் ஒரு பாய்ஸ் கம்பெனியில் பெண் வேடம் போட்டு வளர்ந்து, குரல் உடைந்ததும் வேலை போய், கப்பலேறி மலாயாவுக்கு வந்தவராம். பாய்ஸ் கம்பெனி என்றால் பையன்களைச் சேர்த்து, சோறும் பாட்டும் அடியும் கொடுத்து நடிகர்களாக்கிய இடம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவற்றில் பேர்பெற்றது. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான். அவர்களில் டி.கே. சண்முகம் வளர்ந்து ஆளான பிறகும் ஔவையாராக நடித்து, அந்தப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வாங்கிக்கொண்டார். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையிலும் படித்த கனவான்கள்தான் புடவை கட்டினார்கள். கும்பகோணம் பாலாமணி அம்மாள் போல முழுக்கப் பெண்களை வைத்தே கம்பெனி நடத்தியவர்களும் உண்டு. அவர்களுக்குச் சேர்ந்த கூட்டமும் பெரிது, ஒட்டிக்கொண்ட ஏச்சும் பெரிது.

நம் ஊரில் மட்டும் இப்படி என்றில்லை. கி.மு. 431-இல் ஏதென்ஸில் யூரிபிடீஸின் 'மீடியா' மேடையேறியபோது, கணவன் கைவிட்ட அந்தத் தாயாக முகமூடி போட்டு நின்றவன் ஓர் ஆண். ஷேக்ஸ்பியர் காலத்து லேடி மெக்பத் ஒரு பையன். பெண்ணின் ஆத்திரத்தை மேடை பல காலம் ஆண் குரலில்தான் கேட்டிருக்கிறது. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. வாத்தியாரிடம் போய் நின்றபோது எனக்கு இருந்த நினைப்பு ஒன்றுதான்: ஓர் ஆணே இந்த வேடத்தைக் கட்டியிருக்கிறார், நான் பெண், எனக்கு என்ன கஷ்டம்?

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். மேடை எனக்கு அந்நியமில்லை. 1981-இல் தொடங்கி, இப்போது ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸின் நாட்டிய நாடகங்களைச் சின்ன வயதில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து பார்த்தவள். பேச்சுப்போட்டிக் கோப்பைகள் வீட்டில் இருக்கின்றன. வேலை முடிந்து கூடும் எங்கள் சின்ன நாடகக் குழு பழைய 'கோவலன்' நாடகத்தைச் சுருக்கிப் போடலாம் என்று முடிவு செய்தபோது, குரல் எடுபடும் என்பதற்காகவே கண்ணகியை எனக்குக் கொடுத்தார்கள். ஆர்மோனியக்காரர்தான் வாத்தியாரைக் காட்டிக்கொடுத்தார். சனிக்கிழமைதோறும் கே.எல். சென்ட்ரலில் கம்யூட்டர் ரயில் ஏறி, கிள்ளானில் இறங்கி, ஜாலான் தெங்கு கிளானாவின் புடவைக் கடைகளையும் பலகாரக் கடைகளையும் தாண்டி அவர் வீட்டுக்கு நடப்பேன்.

முதல் நாள் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

"நட பாப்பா."

நடந்தேன்.

"இது ரயில பிடிக்கப் போற நடை. கண்ணகிக்கு எந்த ரயிலு?"

மெதுவாக நடந்தேன். அது கல்யாணப் பெண் நடையாம். தலையைக் குனிந்து நடந்தேன். காசு தொலைத்தவள் நடையாம். அன்று முழுக்க இப்படியே போயிற்று. திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

அடுத்த வாரம் ஒரு மரப்பெட்டியிலிருந்து ஒரு ஜோடிச் சிலம்பை எடுத்துக் கொடுத்தார். கொலுசு வேறு, சதங்கை வேறு, இது வேறு. உள்ளே கூடான தடித்த பித்தளை வளையம். உள்ளுக்குள் பரல்கள் உருளும். போட்டுக்கொண்டதும் கணுக்கால் எலும்பில் உட்கார்ந்து, எட்டு வைக்கும்போதெல்லாம் இடித்தது. துணி சுற்றிக்கொள்ளாவிட்டால் தோல் கன்றிவிடும். காலை அகட்டி வைத்தால் பரல்கள் ஒரு பக்கமாகச் சரிந்து 'சரக்' என்று முடிந்துவிடும். சீராக வைத்தால் ஓசை முன்காலிலிருந்து பின்காலுக்கு இடைவெளி இல்லாமல் ஓடும். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு காதால்தான் பார்த்தார். ஓசை அறுந்த இடத்தில் விரலைச் சொடுக்குவார், நான் முதலிலிருந்து நடக்க வேண்டும். அந்த வீட்டுக் கூடத்தின் குறுக்கே எத்தனை நடை நடந்தேனோ. அவர் மனைவி, அத்தை என்று கூப்பிடுவேன், "போதும் விடுங்க, புள்ளைக்குக் காலு வீங்குது" என்று தண்ணீரோடு வந்து நிற்பார். அவர் சொடுக்குவதை நிறுத்த மாட்டார்.

ஓசை ஓரளவு நிற்கத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, "இப்ப கழட்டு" என்றார். "கழட்டிட்டு நட."

முதல் அடியிலேயே தடுமாறினேன். பாரம் போன கால் தேவைக்கு மேல் உயர்ந்து, நான் நினைத்த இடத்துக்கு முன்னாலேயே தரையில் இறங்கியது. காது ஓசையை எதிர்பார்த்தது, ஓசை இல்லை. என் கால் என் கால் மாதிரி இல்லை.

"இதுதான் பாப்பா, நாடகம் ஆரம்பிக்கும்போது கண்ணகி. புருஷன் மாதவி வீட்டுல. இவ சிலம்பைக் கழட்டி வச்சுட்டா. போட்டுப் பழகாத காலுக்குக் கழட்டினது தெரியுமா?"

அன்று இரவு சிலப்பதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். 1892-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த பிறகு எல்லோர் வீட்டு அலமாரிக்கும் வந்துவிட்ட நூல், எங்கள் வீட்டில் தூசியோடு இருந்தது. கோவலன் பிரிந்த பின் கண்ணகியின் கால்களில் சிலம்பு இல்லை என்பதை இளங்கோ சொல்லத்தான் செய்கிறார். பள்ளியில் படித்த வரி. தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். கணுக்காலுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது.

அதற்கடுத்து முகம். இதில்தான் அதிகம் திணறினேன். மதுரைக்குக் கிளம்பும் முன் கோவலன் வீடு திரும்பும் காட்சி. எல்லாவற்றையும் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்கிறான். கண்ணகி அதிகம் பேசுவதில்லை, சிலம்பு இருக்கிறது என்கிறாள். அவ்வளவுதான். எனக்கு அந்தக் கொஞ்ச வசனம் போதவில்லை. உதட்டைக் கடித்தேன், கண்ணைத் துடைத்தேன், தூணைப் பிடித்துக்கொண்டு விம்மினேன். எங்கள் கோவலன், போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி, என் அழுகையைப் பார்த்து வசனத்தையே மறந்துவிட்டான். நன்றாகத்தான் செய்கிறேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வாத்தியார் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்தின் மேல் போட்டார். "இப்பச் செய்."

துண்டுக்குள் இருந்துகொண்டு என்ன செய்வது? செய்வதற்கு ஒன்றுமே இல்லை. நின்றேன்.

"பாத்தியா? மூஞ்சிய மூடினா நீ காலி. ஒடம்புல வேற எங்கயும் கண்ணகி இல்ல." துண்டை எடுத்துக்கொண்டே கேட்டார்: "இப்பவே இவ்வளவு அழுதுட்டா மதுரைக்கு என்னத்தக் கொண்டுபோவே?"

பிறகு அந்தக் காட்சி முழுவதையும் சபைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து செய்யச் சொன்னார். கையில் வேலை வேண்டும், பூக் கட்டு என்றார். எனக்குப் பூக் கட்டத் தெரியாது. இதைச் சொன்னதும் அவருக்கு வந்த ஆச்சரியத்தை நான் மறக்க மாட்டேன். பெண் வேடம் போட்ட அவருக்குத் தெரிந்திருந்தது, பெண்ணாய்ப் பிறந்த எனக்குத் தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் மாலை கட்டி விற்கும் ஓர் அக்காவிடம் போய் நின்றேன். வியாபாரம் ஓயும் நேரத்தில் வா என்றார். இரண்டு பக்கமும் காம்புகள் எதிரெதிராகப் படுக்க வேண்டும், நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டு, காம்பின் கழுத்தில் இறுக்க வேண்டும். கூடுதலாக இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், குறைத்தால் மாலையைத் தூக்கும்போது பூ உதிரும். அக்கா என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. காரில் வந்து நின்ற ஆளுக்கு விலை சொல்லிக்கொண்டே அவர் விரல்கள் முடிச்சுப் போட்டன. என் மடியில் கிடந்தவை எல்லாம் தலையறுந்த மல்லிகைகள்.

கை தன்னால் ஓடும் அளவுக்குப் பழகிய பிறகு அந்தக் காட்சியை மறுபடி எடுத்தோம். முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தேன். கோவலன் பின்னால் வந்து நின்று பேசினான். 'எல்லாம் போயிற்று' என்ற இடத்தில் என் விரலில் வளையம் விழுந்த நார் இறுகாமல் அப்படியே நின்றுவிட்டது. நான் யோசித்து நிறுத்தவில்லை. அவன் பேசி முடித்தான். நாரை இறுக்கினேன். முடிச்சு விழுந்த பிறகு, திரும்பாமலே, சிலம்பு இருக்கிறது என்றேன். ஆர்மோனியக்காரர் அடுத்த பாட்டை எடுக்கவில்லை. வாத்தியார் அவரைப் பார்த்து, "என்னய்யா, தூங்கிட்டியா, வாசி" என்று சத்தம் போட்டார். எனக்குக் கிடைத்த பாராட்டு அது.

வீட்டில் வேறு நாடகம் நடந்துகொண்டிருந்தது. கல்யாணமாகாத பெண் தலையை விரித்துப் போட்டு, புருஷனைப் பறிகொடுத்தவளாக மேடையில் நிற்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "வேற வேஷமே இல்லையா? அந்த மாதவியப் போடேன், அழகா நகை போட்டுக்கலாம்ல" என்றார். மாதவியைப் பற்றி எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. பழைய மேடைக் கோவலன் நாடகங்கள் பலவும் அவளைப் பணம் பிடுங்குகிறவளாக ஆக்கிவிட்டன. கண்ணகியை உயர்த்த மாதவியை மிதிக்க வேண்டும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். இளங்கோவின் மாதவி அப்படிப்பட்டவள் இல்லை. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் அரங்கேறியவள். கோவலன் செத்ததைக் கேட்டதும் துறவு பூண்டு, மகள் மணிமேகலையையும் அந்தக் குலத்தொழிலுக்கு விடாமல் தடுத்தவள். எங்கள் நாடகத்தில் அவளை ஏசும் பாட்டுகளை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது வாத்தியாருக்குக் கோபம் வந்தது. சனங்கள் அதற்குத்தான் கைதட்டுவார்களாம். கடைசியில் ஒரு பாட்டை விட்டுக்கொடுத்தார், மற்றதை வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் இன்றும் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை.

அம்மா ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்: "சரி, ஊரை எரிச்சுட்டா. அவ அம்மா என்ன ஆனா?"

எனக்குத் தெரியவில்லை. வாத்தியாருக்கும் தெரியவில்லை, நாடகத்தில் அந்த அம்மா வருவதே இல்லை. புத்தகத்தில் தேடினால் வஞ்சிக் காண்டத்தில் இருந்தது. மதுரைச் செய்தி புகாருக்குப் போகிறது. கோவலனின் தந்தை மாசாத்துவான் செல்வத்தையெல்லாம் தானம் கொடுத்துவிட்டுப் பௌத்தத் துறவியாகிறான், தாய் துயரத்தில் இறக்கிறாள். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகர்களோடு சேர்கிறான், அவள் தாயும் உயிர் விடுகிறாள். இரண்டு வீட்டிலும் விளக்கேற்ற ஆள் இல்லாமல் போகிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். "அதான் கேட்டேன்" என்றார். அதன்பிறகு வேடத்தை விடச் சொல்லவில்லை. எனக்கும் அந்தத் தகவல் உதவியது. அதுவரை கண்ணகி இழந்தது புருஷனை மட்டும் என்று நினைத்துத்தான் நடித்துக்கொண்டிருந்தேன். புகாரை விட்டு விடியுமுன் கிளம்பியபோது அவள் பெற்றவர்களிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. மதுரையில் தனியாக நிற்கும்போது திரும்பிப் போக ஒரு வீடு உண்டா என்பதே கேள்விதான்.

பாண்டியன் சபைக்கு வந்தோம். கோவலனைக் கொன்றது ஏன் என்று கண்ணகி அரசனைக் கேட்கும், எல்லோரும் எதிர்பார்க்கும் காட்சி. இதற்குத்தான் என் குரலை நம்பி வேடம் கொடுத்திருந்தார்கள். நானும் ஐந்தரைக் கட்டையில் நின்று வசனத்தை எடுத்தேன். கட்டை என்பது ஆர்மோனியத்தில் எந்தச் சுருதியில் நிற்கிறோம் என்ற கணக்கு. ஏற ஏறத் தொண்டை இறுகும், காதுக்குள் ரத்தம் இரையும். மைக் இல்லாத காலத்து நடிகர்கள் கடைசி வரிசைக்குக் கேட்பதற்காக உச்சத்தில் பாடினார்கள். நானும் அதுதான் வீரம் என்று கத்தினேன். ஒத்திகை முடிந்த மறுநாள் குரலே வரவில்லை. அலுவலகத்தில் எழுதிக் காட்டி வேலை பார்த்தேன். மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பாலை அம்மா முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

குரல் திரும்பியதும் வாத்தியார் ஆர்மோனியக்காரரிடம் சொன்னார்: "நாலுக்கு இறக்கு." கோபமான காட்சிக்குச் சுருதியை இறக்குவதா? எனக்குப் புரியவில்லை. நாலு கட்டையில் வசனம் சொன்னபோது எனக்கே சப்பென்று இருந்தது. ஒவ்வொரு சொல்லின் வல்லெழுத்தையும் பல்லுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு விடச் சொன்னார். மூச்சு அடிவயிற்றில் நிற்க வேண்டும், விலா விரியக் கூடாது. வயிற்றின் மேல் ஒரு தட்டை வைத்துப் படுத்துக்கொண்டு வசனம் சொன்னேன். தட்டு ஏறி இறங்க வேண்டும், குலுங்கக் கூடாது. குலுங்கிக்கொண்டேதான் இருந்தது.

ஒருவழியாகக் குரல் அடங்கி நின்றது. அப்படியும் அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். என்ன குறை என்று அவருக்கே பிடிபடவில்லை போலிருந்தது. ஒரு சனிக்கிழமை பாண்டியனுக்கு வசனம் கொடுக்க அவரே எதிரில் நின்றார். நான் கேள்வியைக் கேட்டேன். பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"பாப்பா, கேள்வி கேக்கும்போது நீ ஏன் சிரிக்கிற?"

நான் சிரிக்கவில்லை என்றேன். கோவலன் தம்பி கைப்பேசியில் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினான். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பெரிய சிரிப்பு இல்லை, உதட்டோரம் ஒரு சின்ன இளிப்பு. கூடவே கழுத்து இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன் என்று சொல்கிற முகம். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். விடுபட்ட ரசீதை ஒரு முதலாளியிடம் கேட்கும்போது அதுதான் என் முகம். லீவு கேட்கும்போது அதுதான். டாக்ஸிக்காரர் வழி தப்பிப் போகும்போது சொல்லிக்காட்டவும் அதே முகம்தான். எந்த வயதில் யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியாது, நான் பழகிய வேடங்களில் அதுதான் முதலாவது.

அதைக் கழற்றுவது சிலம்பைக் கழற்றுவது போல் இல்லை. வாயை இறுக்கினேன், முறைப்பாக வந்தது. முறைப்பும் பயம்தான் என்றார் வாத்தியார். புருவத்தை நெரித்தேன், வில்லிபோல் இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் சரியாக இருக்கும், எதிரில் ஓர் ஆண் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் கழுத்து சாய்ந்துவிடும். அவர் பல வழிகளில் முயன்றார். என் தலையில் ஒரு புத்தகத்தை வைத்துப் பேசச் சொன்னார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, பாண்டியனை நிற்கவைத்துப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை.

பிறகு ஒருநாள் அவரே கண்ணகியாக நின்று காட்டினார். வேட்டி பனியனோடு, வழுக்கைத் தலையோடு. கையில் சிலம்பு இருப்பதாகப் பாவனை. பாண்டியனாக உட்கார்ந்த தம்பியின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, அவன் நெஞ்சுக்கூட்டைப் பார்த்துக் கேட்டார். பதில் வரும்வரை அங்கேயே கண் நின்றது. கழுத்து ஒரு நூல் அசையவில்லை. "இது எங்க படிச்சீங்கய்யா?" என்று கேட்டேன். அவருடைய அம்மாவிடமாம். அந்தத் தோட்டத்தில் சம்பள நாளன்று கணக்கில் நாள் குறைந்திருந்தால் மற்றவர்கள் கும்பிட்டுக் கேட்பார்களாம். அவர் அம்மா மட்டும் கணக்கு எழுதும் கிராணியின் மேசைக்கு முன்னால் வந்து நின்று, என் நாள் எங்கே என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நகர மாட்டாராம். "எங்க வாத்தியார் சொல்லிக்குடுத்த கண்ணகி கை கூப்பிக்கிட்டுத்தான் கேப்பா. நான்தான் மாத்தினேன்" என்றார். அதுவரை அந்த வேடத்தை ஆண்கள் செய்த ஒன்றாகவே எண்ணியிருந்தேன். பால் வாளி தூக்கிய ஒரு பெண் அதற்குள் நின்றுகொண்டிருந்தார்.

நெஞ்சுக்கூட்டைப் பார்க்கும் வித்தை எனக்குப் பிடிபட்டது. முகத்தைப் பார்த்தால் அந்த முகம் கோணாமல் இருக்க வேண்டுமே என்ற கவலை வருகிறது, அந்தக் கவலைதான் சிரிப்பு. நெஞ்சுக்கூட்டுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாட்களில் அலுவலகத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்கு என்னைவிடச் சம்பளம் கூட்டியிருந்தார்கள். மேலாளரிடம் போய் ஏன் என்று கேட்டேன். கேட்டுவிட்டு நின்றேன். 'பார்க்கலாம்' என்ற பதில்தான் வந்தது. ஆனால் அவர்தான் முதலில் சிரித்தார்.

சிலம்பை உடைப்பதையும் சொல்ல வேண்டும். அது தனி வேலை. கண்ணகி தன் சிலம்பை உடைத்ததும் உள்ளிருந்து மாணிக்கம் தெறிக்க வேண்டும், அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. மேடையில் உடைய வேண்டியதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். பாரிஸ் சாந்தில் வார்த்த முதல் சிலம்பு உடையவில்லை, துள்ளி உருண்டு போய் மிருதங்கக்காரர் மடியில் விழுந்தது. பாண்டியன் சிரித்துவிட்டான். மெல்லியதாக வார்த்தது நான் கையில் பிடித்தபோதே உடைந்தது. தோட்டத்தில் சுடாத களிமண்ணில்தான் செய்வார்களாம். அதையும் செய்தோம். நம் ஊர் ஈரக் காற்றில் இரண்டு நாளில் மண் நமுத்து, ஓங்கிப் போட்டால் பொத்தென்று விழுந்து சப்பிப்போயிற்று. வெயிலில் நன்றாகக் காயவைத்து அரிசி டின்னுக்குள் புதைத்து வை என்று வழி சொன்னவர் அம்மா. எங்கள் வீட்டு அரிசிக்குள் தங்கப் பூச்சுப் பூசிய சிலம்புகள் பல வாரம் கிடந்தன. எறிவதிலும் சூட்சுமம் இருக்கிறது. பலம் கொண்ட மட்டும் அறைந்தால் மண் தூளாகுமே தவிர பரல் தெறிக்காது. மணிக்கட்டைச் சுண்டி, வளையத்தின் விளிம்பு முதலில் தரையில் படும்படி விட வேண்டும். அப்போது இரண்டாகப் பிளந்து சிவப்புக் கண்ணாடி மணிகள் முன்வரிசைவரை ஓடும். பழைய நாடகத்தில் மதுரை எரியும்போது தீப்பந்தத்தில் குங்கிலியப் பொடியை வீசி நெருப்பைக் குப்பென்று எழுப்புவார்களாம். மண்டபத்தில் தீக்கு அனுமதி இல்லாததால் சிவப்பு விளக்கோடு நிறுத்திக்கொண்டோம். வாத்தியாருக்கு அது கடைசிவரை மனத்தாங்கல்தான்.

நாடகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தலையை விரித்தபோது காதுத் தோட்டில் முடி சிக்கி, ஒரு பக்கம் விரியவே இல்லை. வழக்குரைக்கும் வசனத்தில் ஒரு வரியை விழுங்கிவிட்டேன். சிலம்பு பிளந்தது. பாண்டியனைக் கேட்டபோது நான் சிரிக்கவில்லை. புடவையின் கரை கொஞ்சம் ஏறியிருந்தது என்று அம்மா சொன்னார். வாத்தியார் வேடம் கலைக்கும் இடத்துக்கு வந்து, விரல் விட்டுத் தப்புகளை எண்ணினார். ஒரு கை போதவில்லை, அடுத்த கைக்குப் போனார். எண்ணி முடித்ததும், "அடுத்த நாடகத்துல நீ பாண்டியன் கட்டு. எதிர்ல உக்காந்து கேள்விய வாங்கத் தெரிஞ்சாத்தான் கேக்கறது முழுசா வரும்" என்றார். இப்போது சனிக்கிழமைகளில் ராஜபார்ட் நடை பழகிக்கொண்டிருக்கிறேன். உட்காரவே வரவில்லை.

வாத்தியாரிடம் 'கோவலன்' நாடகத்தை அவருடைய வாத்தியார் கைப்பட எழுதிய நோட்டு ஒன்று இருக்கிறது. நீல மசி மங்கி, தையல் விட்டு, நடுவில் சில ஏடுகள் இல்லை. இரவுகளில் அதைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். காணாமற்போன ஏடுகளில் உள்ள பாட்டுகள் அவருக்கும் முழுதாக நினைவில்லை. கிள்ளான், காப்பார், பந்திங், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் நாடகம் போட்டவர்கள் வீட்டில் இப்படிப்பட்ட நோட்டுகள் இன்னும் இருக்கும். தாத்தாவின் பெட்டியில் பாட்டு நோட்டு எதையாவது பார்த்தால், பழைய சாமான் லோரிக்குப் போடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அந்த நாடகத்தில் பெண் வேடம் கட்டியவர் யார், அவர் இன்னும் இருக்கிறாரா என்றும் விசாரித்துப் பாருங்கள்.